பார்லர்ல விக்கிற ஷாம்பூ, கண்டிஷனர் நிஜமாவே ஒசத்தியா, இல்ல பாட்டிலுக்குத்தான் காசா?

நுனிவெடிப்பு

முடிய ப்ளீச் பண்ணி ஹைலைட்ஸ் போட்டிருக்கேன். முடிச்சுட்டு எந்திரிக்கிறப்பவே பார்லர் அக்கா ஒரு ஷாம்பூ, ஒரு கண்டிஷனர், ஒரு மாஸ்க், ஒரு சீரம்னு நாலையும் கவுண்டர்ல வரிசையா அடுக்கிட்டாங்க, இத விட்டுட்டு கடைல விக்கிறத போட்டா கலர் சீக்கிரமே போயிடும் அப்புறம் என்ன கேக்கக்கூடாதுன்னு வேற சொல்லிட்டாங்க. நாலையும் சேத்து பாத்தா ஹைலைட்ஸுக்கு குடுத்ததுல பாதிக்கு மேல வருது, யோசிச்சு சொல்றேன்னு நழுவி வந்துட்டேன். வீட்டுல இருக்கிறது சூப்பர் மார்க்கெட் ஷாம்பூதான். உண்மையிலயே வித்தியாசம் இருக்கா? ரெண்டும் யூஸ் பண்ணவங்க, இல்ல உள்ள என்ன போடறாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. விளம்பரத்துல வர்றத யாரும் திரும்ப சொல்ல வேணாம் ப்ளீஸ்.

மொட்டை_பாஸ்

எனக்கு ரெண்டும் ஒரே ரிசல்ட்தான் குடுக்குது.

அமுதினி

வித்தியாசம் இருக்கு, அடிச்சு சொல்வேன். எனக்கு முடி இடுப்பு வரைக்கும், கலர் பண்ணது. கடை ஷாம்பூ போட்டா அலசும்போதே கைக்கு கரகரன்னு தெரியும், காஞ்சதும் சீப்பு இறங்காது, பார்லர் ப்ராடக்ட்டுக்கு மாறினதுக்கு அப்புறம் சிக்கெடுக்க உக்கார வேண்டியதே இல்ல. காசு ஜாஸ்திதான் ஒத்துக்கறேன், ஆனா ஒரு தடவைக்கு கொஞ்சம்தான் தேவைப்படுது, பாட்டில் மாசக்கணக்கா வருது. சும்மா கம்பெனி பேருக்கு காசு குடுக்கறோம்னு சொல்றவங்க மொதல்ல போட்டு பாத்துட்டு வந்து சொல்லட்டும்.

ஈரத்துண்டு

//சும்மா கம்பெனி பேருக்கு//

அந்த கம்பெனி யாருன்னு பாத்தீங்களா? கெராஸ்டாஸ், ரெட்கென், மேட்ரிக்ஸ் மூணும் லோரியல். சூப்பர் மார்க்கெட் தட்டுல இருக்கிற கார்னியரும் அதே லோரியல்தான். ஷ்வார்ஸ்காஃப்ல பார்லருக்கு ஒரு வரிசை கடைக்கு ஒரு வரிசை, ரெண்டும் ஹென்கெல். பார்லர்காரங்க பெருமையா சொல்ற வெல்லாவ 2003ல பான்டீன் விக்கிற பி அண்ட் ஜிதான் வாங்குச்சு, பத்து வருஷத்துக்கு மேல கைல வச்சிருந்துட்டுதான் கோட்டி கம்பெனிக்கு வித்தாங்க. அதாவது ஒரே மொதலாளி, ஒரே ஆராய்ச்சி பணம், லேபிள் மட்டும் வேற. இதுல ஒண்ணு முடிய காப்பாத்தும் இன்னொண்ணு கெடுக்கும்னா எப்படிங்க நம்பறது?

லேப்_கோட்டு

ஷாம்பூ, கண்டிஷனர் ஃபார்முலா போடறதுதான் எனக்கு வேலை, எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. மேல ரெண்டு பேரும் சொல்றதுல ஆளுக்கு பாதி சரி.

மொதல்ல ஷாம்பூ. பெரும்பகுதி தண்ணி. அடுத்து அழுக்கெடுக்கிற சாமான், பெரும்பாலும் சோடியம் லாரத் சல்ஃபேட்டும் அதோட முரட்டுத்தனத்த கொறைக்க கோகமிடோப்ரொப்பைல் பீட்டைனும். இந்த ஜோடி மலிவு பாட்டில்லயும் இருக்கும், விலை ஒசந்த பாட்டில்லயும் இருக்கும். கெட்டியா இருந்தா சத்து ஜாஸ்தின்னு நெனைக்காதீங்க, இந்த ஜோடில சாதா உப்பு கொஞ்சம் சேத்தாலே கெட்டியாயிடும், நாங்க தெனமும் செய்யறதுதான் அது. தலைல ஒரு நிமிஷம் இருந்துட்டு சாக்கடைக்கு போற பொருள், அதுக்குள்ள கேவியர் போட்டாலும் தங்கத்தூள் போட்டாலும் முடில தங்கறது ரொம்ப கம்மி. அதனால ஷாம்பூல மட்டும் பாத்தா ஈரத்துண்டு பக்கம்தான் நான்.

ஆனா கண்டிஷனர், மாஸ்க், தலைலயே விடற க்ரீம் இதெல்லாம் வேற கதை. முடியோட மேல்தோல் ஓட்டு வீட்டு கூரை மாதிரி செதில் செதிலா அடுக்கி இருக்கும், அதுக்கு மேல 18 எம்இஏன்னு ஒரு மெல்லிசான கொழுப்பு படலம், முடிக்கு அந்த வழுவழுப்பு அதுலதான் வருது. ப்ளீச் மொதல்ல காலி பண்றது அந்த படலத்தத்தான். அது போன எடத்துல முடிக்கு நெகட்டிவ் சார்ஜ் ஜாஸ்தியாகும், தண்ணி உறிஞ்சும், ஒண்ணோட ஒண்ணு உரசும். கண்டிஷனர்ல இருக்கிற பாசிட்டிவ் சார்ஜ் சாமான் அங்கதான் போய் ஒட்டுது. இதுல தரம் உண்டு. செட்ரிமோனியம் குளோரைடு லேசானது, மெல்லிய முடிக்கு போதும். பெஹென்ட்ரிமோனியம் வகை நீளமான மூலக்கூறு, நல்லா வழுக்கும், அடிபட்ட முடிக்கு அதுதான் தேவை. சிலிகான்லயும் சாதா டைமெத்திகோன் எல்லா எடத்துலயும் படியும், அமோடைமெத்திகோன் அடிபட்ட எடத்த தேடிப் போய் பிடிக்கும். இந்த பின்னாடி சொன்னதெல்லாம் விலை கூட, அதனால ஒசந்த வரிசைல தாராளமா போடுவாங்க, மலிவு வரிசைல கொஞ்சமா போடுவாங்க இல்ல விட்டுடுவாங்க. ஒரே மொதலாளியா இருந்தாலும் ஒவ்வொரு வரிசைக்கும் கிலோவுக்கு இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு எங்களுக்கு ஒரு கணக்கு மேல இருந்து வரும், அதுக்குள்ள அடங்கற மாதிரிதான் ஃபார்முலா.

அமுதினிக்கு தெரிஞ்ச வித்தியாசம் பொய் இல்ல. முடி மாசத்துக்கு சுமாரா ஒரு சென்டிமீட்டர் வளருது, இடுப்பு வரைக்கும் முடின்னா உங்க நுனி அஞ்சாறு வருஷம் பழசு, அத்தன வருஷ வெயிலும் சீப்பும் பட்டது. அந்த நுனிக்கு நல்ல கண்டிஷனர் வித்தியாசம் காட்டும். ஆனா உங்களுக்கு வேலை செஞ்சது கண்டிஷனரா ஷாம்பூவான்னு தனியா பிரிச்சு பாத்தீங்களா?

அமுதினி

இல்ல, செட்டாதான் வாங்குவேன். செட்டாதான் தருவாங்க.

ஈரத்துண்டு

அதான் வியாபாரம்.

கத்தரி_கைல

நான் பார்லர் நடத்தறவ, அதனால கமிஷன் பேச்ச நானே ஆரம்பிச்சுடறேன். ஆமா, ப்ராடக்ட் வித்தா ஸ்டைலிஸ்ட்டுக்கு ஒரு பங்கு உண்டு, பல எடத்துல டார்கெட்டே இருக்கு, சம்பளம் கம்மியா இருக்கிற பொண்ணுக்கு அந்த காசு பெருசு. அதுக்காக சொல்ற அறிவுரை எல்லாமே பொய்யாயிடாது.

நுனிவெடிப்பு, நீங்க போட்டது ப்ளீச் ஹைலைட்ஸ். கலர் போயிடும்னு பொதுவா சொன்னா சரியில்ல. ப்ளீச்ல முடியோட நெறத்த எடுத்துட்டோம், எடுத்தது எடுத்ததுதான், அது எந்த ஷாம்பூ போட்டாலும் திரும்பி வராது, வேர்ல புதுசா வளர்றது மட்டும்தான் பழைய நெறம். அதுக்கு மேல டோனர்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, மஞ்சளடிக்காம இருக்க. அந்த டோனர்தான் கரையும், எந்த ஒசந்த ஷாம்பூ போட்டாலும் சில வாரத்துல கரையத்தான் செய்யும். அப்ப மஞ்சளா தெரிஞ்சா ஊதா ஷாம்பூ, ஆரஞ்சா தெரிஞ்சா நீல ஷாம்பூ, எப்பவாச்சும் ஒரு தடவ போட்டா போதும், தெனமும் போட்டா முடி சாம்பலா மங்கிடும். அந்த ஊதா ஷாம்பூ சூப்பர் மார்க்கெட்லயும் கெடைக்குது, வேலை செய்யுது, இத சொல்றதுல எனக்கு நஷ்டம்தான் இருந்தாலும் சொல்றேன்.

லேப்_கோட்டுகிட்ட ஒரு விஷயத்துல ஒத்துப்போக மாட்டேன். ஷாம்பூல வித்தியாசமே இல்லன்னு எப்படி சொல்றீங்க? பிஹெச் இருக்கே, அதாவது புளிப்பா காரமான்னு காட்டற அளவு, கம்மியா இருந்தா புளிப்பு. 2014ல இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ட்ரைக்காலஜில பிரேசில் டாக்டருங்க 123 ஷாம்பூவ அளந்து போட்டாங்க, 3.5ல இருந்து 9 வரைக்கும் இஷ்டத்துக்கு இருந்துச்சு. கடைல விக்கிறதுல மூணுல ஒரு பங்குதான் 5.5 இல்ல அதுக்கு கீழ, சலூன் ஷாம்பூல முக்கால்வாசி அதுக்கு கீழ. பிஹெச் ஏற ஏற முடி மேல உரசல் ஜாஸ்தி, பறக்கும், சிக்கு விழும். இது எங்க ட்ரெய்னிங்ல சொன்ன கதை இல்ல, பேப்பர்ல வந்தது.

லேப்_கோட்டு

//ஷாம்பூல வித்தியாசமே இல்லன்னு//

அப்படி சொல்லல, கம்மின்னு சொன்னேன். பிஹெச் பாயிண்ட் நியாயமானதுதான், அந்த பேப்பர் எனக்கும் தெரியும். ஆனா ஷாம்பூ போட்ட கையோட கண்டிஷனர் போட்டா அது புளிப்பு பக்கம்தான் இருக்கும், பாதி வேலைய அது சரி பண்ணிடும். கண்டிஷனர் போடாதவங்களுக்குத்தான் ஷாம்பூ பிஹெச் பெரிய விஷயம். கடை ஷாம்பூலயும் 5.5க்கு கீழ இருக்கிறது நெறைய இருக்கு, ஒரு பிஹெச் பேப்பர் துண்டு வாங்கினா வீட்டுலயே பாத்துடலாம், நுரைல இல்ல, பாட்டில்ல இருந்து எடுத்த மேனிக்கு. குழந்தைங்க ஷாம்பூ பல சமயம் 7 பக்கம் வரும், கண்ணு எரியக்கூடாதுன்னு அப்படி வைக்கறாங்க, மென்மையானதுன்னு நெனச்சு பெரியவங்க கலர் பண்ண முடில அத போடறது வேண்டாத வேலை.

சுருட்டை_சுமதி

நடுவுல ஒரு சுருட்டை முடிக்காரி. பார்லர் சரக்கு போட்டேன், கடை சரக்கும் போட்டேன், இப்ப வீட்டுல இருக்கிறது ரெண்டும் கலந்துதான். சுருட்டைக்கு விலை முக்கியமில்ல, வழுக்கு முக்கியம். எனக்கு டெஸ்ட் என்னன்னா ஈர முடில கண்டிஷனர் தடவி விரல காதுக்கு பின்னாடி இருந்து நுனி வரைக்கும் விடுவேன், முடிச்சு தானா பிரிஞ்சு விரலுக்கு நடுவுல நழுவணும், பிச்சு எடுக்கிற மாதிரி இருந்தா அந்த பாட்டில் துணி ஊற வைக்க போயிடும். இதுல பாஸ் ஆனது ஒரு கடை கண்டிஷனர், லிஸ்ட்ல தண்ணிக்கு அப்புறமே பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்ஃபேட் வந்துடுது. நான் நம்பி வாங்கின ஒரு பார்லர் மாஸ்க் ஃபெயில், அதுல எண்ணெய் பேரு பத்து இருந்துச்சு, எல்லாமே வாசனைக்கு அப்புறம்.

நுனிவெடிப்பு

வாசனைக்கு அப்புறம்னா என்ன அர்த்தம் சுமதி அக்கா? லிஸ்ட்ட எப்படி படிக்கறது, எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு.

சுருட்டை_சுமதி

போன் கேமரால ஜூம் பண்ணிடுப்பா. எது ஜாஸ்தியோ அது முன்னாடி வரும், அதான் கணக்கு. ஒரு சதவீதத்துக்கு கீழ போனதும் எந்த வரிசைல வேணா எழுதிக்கலாம், கம்பெனிக்காரன் அங்கதான் ஆர்கன் எண்ணெய், மல்லிப்பூ சாறு எல்லாத்தையும் முன்னாடி தள்ளி வைப்பான். அந்த கோடு எங்கன்னு கண்டுபிடிக்க ஃபீனாக்ஸிஎத்தனால்னு ஒரு ப்ரிசர்வேட்டிவ் பாருங்க, ஐரோப்பால அதுக்கு அதிகபட்சமே ஒரு சதவீதம்தான், அதனால அதுக்கு பின்னாடி வர்றதெல்லாம் துளி துளிதான். முன்பக்கம் பெருசா படம் போட்டிருக்கிற எண்ணெய் அதுக்கு பின்னாடி வந்தா அது படத்துக்கு மட்டும்தான்.

லேப்_கோட்டு

சுமதி சொன்னது சரி, ஆனா துளியா இருக்கிறது எல்லாம் வேஸ்ட்னும் நெனச்சுடாதீங்க. பாலிகுவாட்டர்னியம் 10 மாதிரி சாமான் ஒரு சதவீதம் கூட வேணாம், அரைக்கும் கீழ இருந்தாலே ஷாம்பூ போட்ட முடி வழுக்கும்.

பொடுகு_பாண்டி

பொடுகு இருக்கிறவங்க இந்த ரெண்டு பக்கமும் போகாதீங்க மக்களே. ஒசந்த பார்லர்ல ஸ்கால்ப் டீடாக்ஸ்னு புதினா வாசனைல ஒண்ண தலைல தேச்சு விட்டாங்க, ஜில்லுன்னு நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு நாள்ல சட்டைக்காலர் மறுபடி வெள்ளை. பொடுகுக்கு பின்னாடி மலசீசியான்னு ஒரு ஈஸ்ட் இருக்கு, அத அடக்கற மருந்து உள்ள இருக்கணும், கீட்டோகோனசோல், செலீனியம் சல்ஃபைடு இப்படி. மெடிக்கல்ல கெடைக்கிற கீட்டோகோனசோல் ஷாம்பூவ போட்ட உடனே அலசாம மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் தலைல ஊற விட்டு கழுவினா போதும். அதுலயும் கேக்கலன்னா தோல் டாக்டர்.

கத்தரி_கைல

பாண்டி சொல்றது சரி. முடி கொட்டுதுன்னு வந்து ஷாம்பூ கேக்கறவங்களுக்கும் அதேதான், வேர்ல நடக்கறதுக்கு நான் விக்கிற எதுவும் மருந்து இல்ல.

இன்னொண்ணு சொல்லணும். பார்லர்ல இருந்து வெளிய வரும்போது முடி அப்படி இருக்கே, வீட்டுல வரலையேன்னு எல்லாரும் கேப்பாங்க, ப்ராடக்ட்டத்தான் காரணம்னு நெனப்பாங்க. அதுல பாதி கை வேலை. நாங்க ஷாம்பூ ரெண்டு தடவ போடுவோம், மொத தடவ எண்ணெய் போகும், ரெண்டாவதுலதான் நுரையே வரும். அப்புறம் கண்டிஷனர் போடறதுக்கு முன்னாடி முடிய நல்லா பிழிஞ்சு துண்டால ஒத்தி எடுப்போம். வீட்டுல சொட்டச் சொட்ட இருக்கிற முடில போட்டா கண்டிஷனர் தண்ணியோட ஓடிடும், கையளவு போட்டேன் ஒண்ணும் ஆகலன்னு சொல்வாங்க. காதுக்கு கீழ மட்டும் போட்டு பெரிய பல் சீப்பால சீவி விட்டு ரெண்டு நிமிஷம் வைப்போம். கடைசியா ரவுண்ட் ப்ரஷ்ஷும் ட்ரையரும் வச்சு இழுத்து காய வைக்கறதுலதான் அந்த பளபளப்பு வருது. இத வீட்டுல செஞ்சு பாத்துட்டு அப்புறம் பாட்டில மாத்துங்க.

அமுதினி

இதெல்லாம் நானும் செய்வேன் மேடம். இருந்தாலும் வித்தியாசம் தெரியுது.

லேப்_கோட்டு

அப்ப பாதித்தலை டெஸ்ட் பண்ணுங்க, லேப்ல நாங்க செய்யறதே அதுதான். நடுவகிடு எடுத்து ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஷாம்பூ, கண்டிஷனர் மட்டும் வலதுக்கு ஒண்ணு இடதுக்கு ஒண்ணு. எது எதுன்னு உங்களுக்கு தெரியக்கூடாது, வீட்டுல யாரையாச்சும் ரெண்டு சின்ன டப்பால ஊத்தி குடுக்க சொல்லுங்க. காஞ்சதுக்கு அப்புறம் சீவி பாத்துட்டு சொல்லுங்க. அடுத்த வாரம் கண்டிஷனர் ஒண்ணா வச்சுக்கிட்டு ஷாம்பூவ மாத்துங்க.

மொட்டை_பாஸ்

வீட்டுல யாரையாச்சும்னா, எங்க வீட்டுல ஹேண்ட்வாஷ் ஊத்தி குடுப்பாங்க.

நுனிவெடிப்பு

அந்த நாலுல மாஸ்க் பாண்ட் பில்டர்னு போட்டிருந்துச்சு. உடைஞ்ச பிணைப்ப சேக்கும்னு அக்கா சொன்னாங்க. அது நெசமா?

லேப்_கோட்டு

இங்கதான் பார்லர் பக்கத்துக்கு உண்மையான பலம். ப்ளீச் போட்டா முடிக்குள்ள அதுக்கு பலம் குடுக்கிற டைசல்ஃபைடு பிணைப்புல கொஞ்சம் உடையும். 2014ல ஒலாப்ளெக்ஸ்ங்கிற பாண்ட் பில்டர் பிராண்ட் வந்தப்ப அதுல ஒரே ஒரு புது மூலக்கூறு, பிஸ் அமினோப்ரொப்பைல் டைகிளைகால் டைமேலியேட். பேடண்ட் இருந்ததால மத்தவங்க அதையே எடுத்து போட முடியாது, விலை அதுலதான் நின்னுச்சு. லோரியல் மேல கேஸ் போட்டாங்க, 2019ல அமெரிக்க ஜூரி ஒலாப்ளெக்ஸ் பக்கம் தீர்ப்பு குடுத்தாங்க, 2021ல அப்பீல்ல அது நிக்கல.

இப்ப நெலம மாறிடுச்சு. சிட்ரிக் ஆசிட் வச்சு பிணைப்ப பலப்படுத்தறோம்னு ரெட்கென்ல ஒரு வரிசை, அதே குரூப்போட கடை பிராண்டான லோரியல் பாரிஸ் எல்வீவ்லயும் சிட்ரிக் ஆசிட் வச்சு பாண்ட் ரிப்பேர்னு ஒரு வரிசை. ரெண்டும் அப்படியே ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன், மத்த சாமான் வேற வேற. ஆனா பார்லர்ல மட்டும்தான் கெடைக்கும்னு இனிமே யாரும் சொல்ல முடியாது. ப்ளீச் பண்ணாத, கலர் போடாத, அயர்ன் வைக்காத முடிக்கு இது எதுவுமே தேவையில்ல. உங்களுக்கு தேவை இருக்கு, காச அதுல போடுங்க, ஷாம்பூல மிச்சம் பிடிங்க. ரெண்டா பிளந்த நுனிய மட்டும் எதுவும் ஒட்ட வைக்காது, சிலிகான் கொஞ்ச நேரம் மூடி வைக்கும், அப்புறம் கத்தரிதான்.

ஈரத்துண்டு

தேங்காய் எண்ணெய்ய ஏன் யாரும் பேசல? 2003ல ஒரு ஆய்வு, தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் வச்சு பாத்ததுல தேங்காய் எண்ணெய் மட்டும்தான் முடில இருந்து புரதம் போறத கொறைச்சுது. ப்ளீச் பண்ண முடிலயும்தான்.

லேப்_கோட்டு

அது எண்ணெய் விக்கிற கம்பெனியோட ஆராய்ச்சி பிரிவு செஞ்சது, அதையும் சேத்து சொல்லுங்க. இருந்தாலும் விஷயம் சரின்னுதான் நெனைக்கறேன், அதுல இருக்கிற லாரிக் ஆசிட் சின்னதா நேரா இருக்கிறதால முடிக்குள்ள போகுது, மினரல் ஆயில் மேலயே நிக்குது. குளிக்கிறதுக்கு முன்னாடி வச்சா பலன், குளிச்சதுக்கு அப்புறம் வச்சா பிசுக்குதான்.

கத்தரி_கைல

வாங்கறதுன்னு முடிவு பண்ணவங்களுக்கு ஒண்ணு, பார்லர் பிராண்ட் இணையத்துல பாதி விலைக்கு கெடைக்குதுன்னு ஓடாதீங்க. காலி பாட்டில்ல வேற ஊத்தி விக்கிற ஆளுங்க இருக்காங்க. என் கஸ்டமர் ஒருத்தங்க கொண்டு வந்து காமிச்சாங்க, பம்ப்புக்கு அடில சீல் இல்ல, பேட்ச் நம்பர் நகத்தால சுரண்டினா வந்துடுச்சு, வாசனை மட்டும் அச்சு அசலா இருந்துச்சு. அதுக்கு நல்ல கடை ஷாம்பூவே தேவலாம்.

விலை ஒசந்தா பத்திரம்னும் இல்ல. ஸ்ட்ரெய்ட்டனிங் க்ரீம்ல உடம்புக்கு ஆகாத ஃபார்மால்டிஹைடு இல்லன்னு சொல்லி கிளையாக்ஸிலிக் ஆசிட் போட்டு விக்கறாங்க. 2024ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு, அந்த க்ரீம் போட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு பொண்ணுக்கு கிட்னி பாதிச்சிருக்கு. நான் அத எடுக்கிறதையே நிறுத்திட்டேன், கேட்டு வர்றவங்க பக்கத்து பார்லருக்கு போறாங்க, போகட்டும்.

அமுதினி

பாதித்தலை டெஸ்ட் பண்ணேன், தங்கச்சி ஊத்தி குடுத்தா. கண்டிஷனர்ல கண்ணை மூடிட்டு சொன்னேன், சரியா வந்துச்சு, பார்லர் போட்ட பக்கம் சீப்பு தானா இறங்குச்சு. ஷாம்பூல தப்பா சொல்லிட்டேன், ரெண்டு பக்கமும் ஒண்ணாதான் இருந்துச்சு. ஆனாலும் அந்த ஷாம்பூவ விட மாட்டேன், தலையணைல மறுநாள் வரைக்கும் அந்த வாசனை இருக்கு, அதுக்காகவே வாங்குவேன், யாரும் பாடம் எடுக்க வேணாம்.

லேப்_கோட்டு

எடுக்க மாட்டேன். பல ஃபார்முலால விலை ஜாஸ்தியான சாமானே வாசனைதான், அந்த காசுக்கு உங்களுக்கு பொருள் கெடைச்சிருக்கு. தலை அரிச்சா மட்டும் மொதல்ல அத நிறுத்துங்க, ஷாம்பூ அலர்ஜில வாசனைதான் அடிக்கடி மாட்டும்.